யானைமேல் துஞ்சியவர்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். கதாநாயகியை ஏன் சாகடித்தீர்கள் என்று கேட்பவை ஒரு வகை. ஏன் சாகடிக்காமல் விட்டீர்கள் என்று கேட்பவை இன்னொரு வகை. இந்தக் கடிதம் இரண்டிலும் சேரவில்லை. கைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்குமேல் ஓடவில்லை. விஷயம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல என்று தோன்றியதால், அவருடைய சம்மதத்தைப் பெற்று இங்கேயே எழுதிப் பார்க்கிறேன்.

பெரியவர் தம் குடும்பத்தின் வரலாற்றை ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறார். தாது வருஷத்துப் பஞ்சத்தில், அதாவது 1876-ல் தொடங்கிய பஞ்சத்தில், அவருடைய கொள்ளுப்பாட்டனார் மனைவியோடும் ஒரு கறவை மாட்டோடும் கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே வந்தாராம். மாடு வழியிலேயே செத்துப் போயிற்று. கரிசல் நிலத்தில் பருத்தி போட்டார்கள், கம்பு போட்டார்கள், கிணறு வெட்டினார்கள், கிணறு வெட்டிய கடனுக்கு நிலத்தில் பாதியை எழுதிக் கொடுத்தார்கள். பாட்டனாரின் தம்பி ஒருவர் பங்காளிச் சண்டையில் ஒருவன் மண்டையை உடைத்துவிட்டுச் சிறைக்குப் போனார். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். "உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், ஐயா. விடை தப்பாக வந்தால் வழியைத் திருத்து, விடையைத் திருத்தாதே என்று முப்பத்து நாலு வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவன் நான்" என்கிறார்.

அப்படி எழுதி வந்தவருடைய பேனா ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது. அவருடைய இளைய மகன் ராணுவத்தில் லெப்டினெண்டாக இருந்தவன். வயது 24. வடக்கே மலைப் பாதை ஒன்றில், விடியற்காலையில், அவன் ஏறிப்போன ஜீப் உறைபனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை. எதிரி யாரும் பக்கத்தில் இல்லை.

ஊரார் வைத்த தட்டிகளிலும் அவன் படித்த பள்ளிக்கூடத்துச் சுவரில் பதித்த கல்லிலும் "வீரமரணம்" என்றுதான் இருக்கிறது. குடும்ப வரலாற்றிலும் அப்படியே எழுத வேண்டும் என்கிறாள் மூத்த பெண். "அவன் அக்கா சொல்கிறதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் என் கை எழுத மறுக்கிறது" என்கிறார் பெரியவர். பையனின் தாயார் சொன்னது வேறு: "என்ன வேணும்னாலும் எழுதுங்க. எப்படிப் போனான்னு மட்டும் எழுதாதீங்க."

இவ்வளவுதான் என்றால் நான் பத்து நாளில் ஏதாவது சமாதானம் எழுதி அனுப்பியிருப்பேன். கடிதத்தின் ஓரத்தில், கையெழுத்துப் போட்ட பிறகு நெருக்கி நெருக்கி எழுதிய ஏழெட்டு வரி இருக்கிறது. ஜீப்பை ஓட்டியவன் ஒரு சிப்பாய், விழுப்புரம் பக்கத்துப் பையன். கால் முறிந்து பிழைத்துக்கொண்டான். விசாரணை நடந்தது, சாலை கண்ணாடி போல் உறைந்திருந்தது, ஓட்டியவன்மேல் பிழை இல்லை என்று முடிந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் அவன் பெரம்பலூரில் பஸ் மாறி இந்த ஊருக்கு வருகிறான். ஒரு பையில் பழம். திண்ணையில் உட்காருகிறான். "உள்ளே வாப்பா" என்றால் வருவதில்லை. அவன் எழுந்து போகும் வரையில் வீட்டு அம்மாள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வருவதில்லை. இனிமேல் வர வேண்டாம் என்று மூத்த பெண் ஒருமுறை போனில் சொல்லிவிட்டாள். அடுத்த வருஷமும் வந்தான். "இவன் பெயரை எங்கள் குடும்பத்து நோட்டில் எழுதலாமா கூடாதா என்பதையும் தாங்கள் சொல்ல வேண்டும்" என்று முடிக்கிறார்.

ஓரத்தில் எழுதிய இதுதான் அவர் உண்மையில் கேட்க வந்த கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. "வீரமரணம்" என்று எழுதிவிட்டால் அந்தப் பையன் மறைந்து போவான். "விபத்து" என்று எழுதினால், படிக்கிற பேரப் பிள்ளைகள் ஓட்டியவன் யார் என்று கேட்பார்கள்.

பெரியவர் உட்கார்ந்து எழுதுகிற இடத்தைச் சுற்றியே இந்தக் கேள்வி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகக் கிடக்கிறது. அவர் பஸ் ஏறி அரியலூர் போய், சிமெண்டு லாரிகளுக்கு வழி விட்டுக்கொண்டு தெற்கே கீழப்பழுவூரைத் தாண்டித் திருமானூர்ப் பக்கம் போனால் கண்டராதித்தம் என்று ஓர் ஊர் வரும். கல்கியின் "பொன்னியின் செல்வ"னைப் படித்தவர்களுக்குப் பழுவூரையும் கண்டராதித்தரையும் நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் அந்தப் பெயர்களோடு குடித்தனம் நடத்தியவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போது அதைச் சினிமாவாகவும் பார்த்துவிட்டார்கள். ஆனால் கண்டராதித்தருக்கு ஓர் அண்ணன் இருந்ததை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

முதலாம் பராந்தக சோழனுடைய மூத்த மகன் ராஜாதித்தன். பட்டத்துக்கு வர வேண்டியவன். வடக்கேயிருந்து ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் வரக்கூடும் என்று எதிர்பார்த்து, திருமுனைப்பாடி நாட்டில், சுந்தரர் பிறந்த திருநாவலூரில், பல வருஷம் சேனையோடு தங்கியிருந்தான். 949-ல் அரக்கோணத்துக்குப் பக்கத்திலுள்ள தக்கோலத்தில் போர் நடந்தது. ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். சோழர்கள் தோற்றார்கள். தொண்டை நாடு கை விட்டுப் போயிற்று. பராந்தகன் நாற்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்ததில் பெரும் பகுதி அந்த ஒரு நாளோடு போயிற்று.

அந்தக் குடும்பம் இந்த மரணத்தை எப்படி எழுதி வைத்தது? கல்வெட்டில் அவனுக்கு வழங்கிய பெயர் "ஆனைமேற்றுஞ்சின" தேவர் என்பது. துஞ்சுதல் என்றால் பழந்தமிழில் உறங்குவது, இறப்பதும் அதுவே. யானைமேல் உறங்கிப்போனவர். சோழர் வீட்டில் இது ஒரு வழக்கமாகவே இருந்தது. ராஜாதித்தனின் தம்பி அரிஞ்சயன் ஆற்றூர்த் துஞ்சினவன். அரிஞ்சயனின் மகன் சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சினவன். கண்டராதித்தரை மேற்கெழுந்தருளின தேவர் என்றார்கள். மேற்குத் திசைக்குப் புறப்பட்டுப் போனவராம். இறந்தவர்களை அவர்கள் உறங்கிய இடத்தைச் சொல்லி அடையாளம் வைத்த குடும்பம் அது. ஒருவனுக்குப் பொன் வேய்ந்த மாளிகை, ஒருவனுக்கு ஓர் ஊர், ஒருவனுக்கு யானையின் முதுகு.

இதே மரணத்தை எதிர்ப் பக்கத்தில் எழுதியதையும் பார்க்க வேண்டும். ராஷ்டிரகூடனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன்தான் ராஜாதித்தனைக் கொன்றவன். இதைச் சொல்லுகிற கல் கன்னட நாட்டில் ஆதகூரில் கிடைத்தது. பெங்களூர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் உண்மையில் ஒரு நாய்க்கு எடுத்த நடுகல். பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். அவன் போரில் காட்டிய தீரத்தை மெச்சி என்ன வேண்டும் என்று கேட்டபோது, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு போராடி, இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நட்டு எழுதும்போது, போகிற போக்கில் சோழ இளவரசனைக் கொன்ற செய்தியும் அதில் இடம் பெற்றது. எனக்கு இதில் பரிகாசம் செய்யத் தோன்றவில்லை. மணலேரனுக்குப் பெரிய துக்கம் அந்த நாய்தான். நம் வீட்டு இழவு அடுத்த வீட்டில் ஒரு தேதி, அவ்வளவுதானே.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு சோழர்கள் மறுபடி தலையெடுத்து, ஆனைமங்கலச் செப்பேட்டில் தங்கள் வம்சத்தைப் பாடி வைத்தபோது, வடமொழிப் புலவர்கள் ராஜாதித்தனை விரிவாகவே வர்ணித்தார்கள். கலங்காத கிருஷ்ணராஜனைப் போரில் கலங்க அடித்து, கூரிய அம்பு மார்பில் பாய்ந்து, மூவுலகும் புகழ விமானம் ஏறி வீர சுவர்க்கம் போனானாம். தோற்ற போர் என்பது அதில் எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். பெரியவருடைய மூத்த பெண் கேட்பது இந்தச் செப்பேட்டைத்தான். அதில் பிழை ஒன்றும் இல்லை. தம்பிமேல் உயிரை வைத்த அக்காக்கள் எல்லாரும் கேட்பதுதான்.

ஆனால் தமிழில் வழங்கிய அந்தச் சின்னப் பெயரைப் பாருங்கள். அது பொய்யா? தக்கோலத்தில் என்ன நடந்தது என்று தெரியாமல் யாரும் அந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். வென்றான் என்று அது சொல்லவில்லை. வஞ்சகத்தால் வீழ்ந்தான் என்றும் சொல்லவில்லை. யானையை விட்டு இறங்கவில்லை என்று மட்டும் தெரிகிறது. பொய் என்பது ஒன்றைப் பெறுவதற்காக ஒருவரை ஏமாற்றுவது. இங்கே ஏமாந்தவரும் இல்லை, பெற்றவரும் இல்லை. சொல்ல முடியாத ஒன்றைத் தாயார் காதில் விழுந்தாலும் தாங்கக்கூடிய குரலில் சொல்லியிருக்கிறார்கள்.

முக்கியமாக ஒன்று. அந்தப் பெயரில் கொன்றவன் இல்லை. சோழர்களுக்குக் கொலைகாரன் பெயரை எழுதத் தெரியாமல் இல்லை. இரண்டு தலைமுறை கழித்து ஆதித்த கரிகாலன் இளம் வயதிலேயே கொலையுண்டபோது என்ன செய்தார்கள்? காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரத்துக் கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 987-ல், வெட்டியது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்லி, துரோகிகள் என்று கூறி, அவர்களுடைய சொத்து மட்டுமல்லாமல் உறவுக்காரர்களின் சொத்தும் பறிமுதலானதைச் சொல்கிறது. ஒரே குடும்பத்தில் இரண்டு இளைஞர்களின் சாவு. சதி செய்து கொன்றதற்கு ஆள் பெயர் கல்லில் ஏறிற்று. போர்க்களத்துச் சாவுக்கு யானை மட்டும் மிஞ்சிற்று. எந்தச் சாவுக்கு ஒரு மனிதனைப் பொறுப்பாக்கலாம், எதற்கு ஆக்கக் கூடாது என்பதை அவர்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது "வீரமரணம்" என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லின்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ராணுவத்தில் சாகிறவர்கள் எல்லாரையும் அது பொதுவாகக் குறிக்குமானால் சரி. 1984-லிருந்து நம் படைகள் சியாச்சின் பனிமலையில் இருக்கின்றன. அங்கே குண்டுக்கு இறந்தவர்களை விடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் இறந்தவர்களே அதிகம். 2016 பிப்ரவரியில் சோனம் என்ற முகாமின்மேல் பனிச்சுவர் இடிந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். எதிரி ஒருவன்கூட அங்கே இல்லை. அவர்களைக் குறைத்துப் பேச யாருக்கு நாக்கு எழும்? பனி உறைந்த சாலையில் விடியற்காலையில் யாரும் உல்லாசமாகப் போவதில்லை. போகச் சொன்னார்கள், போனான். அந்தச் சாலையில் போவதே அவனுடைய வேலை.

ஆகவே ஜீப்பில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மூத்த பெண் அந்தச் சொல்லைக் கேட்பது ஜீப்பை மூடுவதற்கு. அங்கேதான் நான் அவளோடு மாறுபடுகிறேன். ஜீப்பை மூடினால், ஜீப்பில் செத்தது குறைவு என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் அவனுக்கு நேர்ந்த சாவு ஒன்று, நாம் அவனுக்காகத் தேர்ந்தெடுத்த சாவு ஒன்று என்று இரண்டு சாவுகளை அவன் சுமக்க வேண்டியிருக்கும்.

சண்டையில் நேர்ந்த சாவானாலும் அந்தச் சொல் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் உதவும் என்பது எனக்குச் சந்தேகம்தான். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரையில் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. திருச்சிக்காரர் மேஜர் சரவணன் 1999-ல் கார்கில் போரில், பீகார் ரெஜிமெண்டின் முதலாவது பட்டாளத்தோடு, படாலிக் பகுதியில் மே 29-ஆம் தேதி இறந்தார். வயது 26. தந்தையும் ராணுவ அதிகாரி. வீர சக்கரம் கொடுத்தார்கள். திருச்சியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவருடைய வீரத்தைப் பற்றி யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அந்த உடலை மலையிலிருந்து கொண்டு வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்த ஒரு மாதம் ஒரு வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்று வர்ணிக்க எனக்கு உரிமை கிடையாது. நாவலாசிரியனுக்குக்கூடச் சில வாசல்களில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

ருட்யார்டு கிப்ளிங்கின் கதை இன்னொரு விதம். அவருடைய மகன் ஜானுக்குக் கண்பார்வை மிகவும் குறைவு. ராணுவத்தில் எடுக்க மறுத்தார்கள். தகப்பனார் தமக்குள்ள செல்வாக்கைப் பயன்படுத்தி ஐரிஷ் கார்ட்ஸ் படையில் சேர்த்துவிட்டார். 1915 செப்டம்பரில் லூஸ் போரில் பையன் காணாமல் போனான். வயது 18. தகப்பனார் உயிரோடு இருந்தவரையில் உடல் கிடைக்கவே இல்லை. பிறகு அந்தப் படையின் வரலாற்றை எழுதும் பொறுப்பைக் கிப்ளிங் ஏற்று, 1923-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். உலகத்துப் போர்வீரர்களைப் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய பேனா, சொந்த மகன் வரும் இடத்தில் காயமுற்றான், காணவில்லை என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. அவ்வளவு அடக்கத்துக்குக் காரணம் அன்புக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அது மற்றவர்களுடைய பிள்ளைகளும் இருக்கிற புத்தகம். தன் பிள்ளைக்கு மட்டும் வர்ணனை கூட்டினால் மற்றத் தகப்பன்மார்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

பெரியவருடைய நோட்டு அப்படிப்பட்டதல்ல; அது அவர் வீட்டுப் புத்தகம். அதில் மகனுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கடிதம் எட்டுப் பக்கம் இருக்கிறது. அதில் மகன் உயிரோடு இருந்ததைப் பற்றி இரண்டே வரி: சின்ன வெங்காயப் பட்டறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மாலை வரையில் வெளியே வராமல் வீட்டையே கலங்க அடித்த பையன் என்றும், கணக்கில் அப்பாவிடமே நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கியவன் என்றும். மீதி ஏழரைப் பக்கமும் அவன் செத்ததைப் பற்றி. இறந்தது ஒரு விடியற்காலையில்; இருந்தது இருபத்து நாலு வருஷம். முப்பத்தெட்டு மார்க்கு வாங்கியவன் எப்படி ராணுவப் பரீட்சை எழுதித் தேறினான் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பேரப் பிள்ளைகளுக்கும் இருக்கும்.

ஓட்டிய பையன் விஷயம் இன்னும் மிச்சம் இருக்கிறது. விபத்து என்றால் பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்பது நம் மனசின் இயற்கை. அரியலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23-ஆம் தேதி, மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலம் சேதப்பட்டு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து சுமார் 150 பேர் இறந்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரெயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார். அதற்குச் சில மாதம் முன்னால் மஹ்பூப்நகரில் நடந்த விபத்தின்போதே ராஜிநாமா கொடுத்தவர். நேரு அப்போது ஏற்கவில்லை. சாஸ்திரி ரெயில் ஓட்டவில்லை, பாலம் கட்டவில்லை, மழையையும் அவர் பெய்விக்கவில்லை. ஆனாலும் பொறுப்பு என்னுடையது என்றார். அது ராஜாங்கத்தின் நியாயம், பெரிய நியாயம். ஆனால் வீட்டு வாசலில் மந்திரி இல்லை. அங்கே கண்ணில் படுகிறவன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஒரு பையன்தான். விசாரணை முடிந்து பிழை இல்லை என்று சொன்ன பிறகும் தாயாருடைய கண் அவனைத்தான் பார்க்கிறது. பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த அம்மாள் அடுப்பங்கரையில் இருக்கிறார்களோ என்னவோ.

தக்கோலத்திலும் ஒருவர் பிழைத்தார். கேரள தேசத்தில் பிறந்தவர், வல்லபர் என்று பெயர், நிறையப் படித்தவர். ராஜாதித்தனுக்கு மிக நெருங்கிய நண்பராக இருந்தார். ராஜாதித்தனிடம் வெள்ளங்குமரன் என்று ஒரு கேரளத்துச் சேனாபதி இருந்தான். 943-ல் பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்ற ஊரில் கோயில் கட்டியவன். இருவரும் ஒருவரே என்று ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் கருதுகிறார்கள். எப்படியானாலும், தலைவன் இறந்த போரில் கூடச் சேர்ந்து சாக வல்லபருக்குக் கிடைக்கவில்லை. அந்தத் துயரம் தாங்காமல் உலகத்தை வெறுத்தார். கங்கையில் போய் முழுகினார். பிறகு திருவொற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் தீட்சை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு அந்த மடத்துக்கே தலைவரானார். இவ்வளவையும் திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டின் தொடக்கத்தில் குறித்திருக்கும் ஆட்சியாண்டு யாருடையது தெரியுமா? தக்கோலத்தில் வென்ற கிருஷ்ணனுடையது. தோற்ற இளவரசனுடைய தோழனின் துக்கம், வென்றவனுடைய பெயருக்குக் கீழே, மறைக்காமல், வெட்டியபடியே இருக்கிறது.

வல்லபர் செய்த குற்றம் என்ன? சாகாமல் இருந்ததுதான். விழுப்புரத்துப் பையன் செய்ததும் அதுதான். கங்கைக்குப் போக அவனுக்குத் தெரியவில்லை. பெரம்பலூரில் பஸ் மாறி வருகிறான்.

ராஜாதித்தன் போன பிறகு பட்டம் கண்டராதித்தருக்கு வந்தது. அவர் படை திரட்டிக்கொண்டு பழி வாங்கப் புறப்பட்டதாகக் கல்வெட்டு இல்லை. தில்லைக் கூத்தனைப் பாடினார்; அந்தப் பதிகம் ஒன்பதாம் திருமுறையில் சேர்ந்தது. சரித்திர ஆசிரியர்கள் சிலர் அவரை ராஜ்யத்தைச் சுருங்க விட்டவர் என்று மூன்று வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதம் இல்லை. அண்ணன் இறந்த வீட்டில் அடுத்தவன் எப்படி இருப்பது என்பதற்கு அவர் ஒரு வழி பார்த்தார். அவருடைய தேவியார் செம்பியன் மாதேவி கைக்குழந்தையோடு விதவையானவர். அதற்குப் பிறகு வெகு காலம் வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எடுத்துக் கட்டிக்கொண்டே இருந்தார். கோனேரிராஜபுரத்தில் கணவர் சிவனை வணங்குவதுபோல ஒரு சிற்பம் செய்து வைத்து, இன்னார் என்று கீழே எழுதியும் வைத்தார். கண்டராதித்தத்தில் உள்ள பெரிய ஏரி இந்த அம்மையார் பெயரால் ஏற்பட்டது என்று ஊரார் சொல்கிறார்கள். ஏரி நிறைந்த வருஷத்தில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். கரை எங்கே முடிகிறது என்று தெரியாது.

பெரியவருக்கு என் பதில் இதுதான். மகன் எந்தத் தேதியில், எந்த மலைச் சாலையில், எந்த வேலையாகப் போகும்போது வண்டி சறுக்கியது என்பதை எழுதுங்கள். மூன்று வரி போதும். விடை அது, அதைத் திருத்த உங்களால் முடியாது என்பது உங்களுக்கே தெரிந்ததால்தான் கை ஓடவில்லை. அடுத்த வரியில், வண்டியை ஓட்டியவர் பிழைத்தார் என்று எழுதி, அவருடைய முழுப் பெயரையும், தகப்பனார் பெயரையும், ஊரையும் எழுதுங்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் அவர் நம் வீட்டுக்கு வருகிறார் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் இவன் என்று எழுத வேண்டாம். குற்றவாளிக்கும் உறவுக்காரனுக்கும் நோட்டில் வித்தியாசம் தெரிய வேண்டுமல்லவா? பள்ளிக்கூடத்துக் கல் அப்படியே இருக்கட்டும். அது ஊரார் தங்கள் துக்கத்துக்குத் தேடிக்கொண்ட சொல். மூத்த பெண்ணையும் கடிந்துகொள்ள வேண்டாம். அவளுக்கு எழுத வேண்டும் என்று இருந்தால் தனியாக இரண்டு பக்கம் விட்டுக் கொடுங்கள். தம்பி வெங்காயப் பட்டறைக்குப் பின்னால் ஒளிந்த நாளில் கடைசியில் அவனைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். அக்காவாகத்தான் இருக்கும்.

வீட்டு அம்மாளைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எழுதி முடித்ததை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவதா, நோட்டை மூடிப் பரண்மேல் வைப்பதா என்பதைப் பெரியவரே பார்த்துக்கொள்ளட்டும்.